முன் சீட்டு விளக்கு

— பெட்ரோல் முள்ளு மட்டும் சரி பண்ணிக் குடுத்தா போதும் அக்கா. மத்ததெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு.

— நல்லா இருக்கே கதை! மூணு வயசுதான் ஆகுது இந்த வண்டிக்கு. அதுக்குள்ள பழகிப்போச்சுன்னா எப்படித் தம்பி? டென்ஷன விடுங்க. இந்தத் தெருவுல வயர் வேலைன்னா கரண்ட் அக்காவைத்தான் கை காட்டுவாங்க. டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி மறைக்காம சொல்லுங்க. என்னென்ன சேட்டை பண்ணுது?

— அது வந்து... டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுட்டு வெளிய வந்தா முள்ளு கீழ படுத்துக் கிடக்கும். காலியா இருக்கறப்ப பாதின்னு காட்டும்.

— சிக்னல் போட்டா ஆடுமே, அதையும் சொல்லுங்க மாப்ள.

— ஆமா அத்தை. இண்டிகேட்டர் போட்டா, அது விட்டு விட்டு எரியறப்ப முள்ளும் கூடவே ஆடும் அக்கா.

— தாளம் போடுதுன்னு சொல்லுங்க! அம்மா, நீங்க ஏன் நின்னுட்டே இருக்கீங்க? அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. கிரீஸ் எல்லாம் இல்ல, இப்பதான் துடைச்சேன்.

— இருக்கட்டும்மா, இவ்வளவு நேரம் உக்காந்துதானே வந்தேன். கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க மாப்ள, பாலத்துல நின்னதைச் சொல்லவே இல்லையே?

— அதுக்குத்தான் வரேன் அத்தை. போன வாரம் பாதி டேங்க் இருக்குன்னு காட்டிச்சு அக்கா. நம்பி எடுத்துட்டுப் போனேன். பாலத்துக்கு நடுவுல நின்னுடுச்சு. சொட்டு பெட்ரோல் இல்ல. பின் சீட்டுல என் பொண்ணு, ஆறு வயசு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன்ல வச்ச கைய எடுக்கல. இவ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வீல்னு கத்தறா.

— அய்யய்யோ. அப்புறம்?

— அதுலேர்ந்து குட்டி இந்த வண்டில ஏற மாட்டேங்கறாம்மா. ஸ்கூலுக்கு நடந்தே போறேன், கால் வலிக்கவே வலிக்காதுங்கறா. பாதி வழில என் தோள்ல தொங்குறா. அதான், இன்னிக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி பண்ணாமத் திரும்பறதில்லன்னு இவரைக் கிளப்பிக் கூட்டிட்டு வந்தேன்.

— கரெக்டா பண்ணீங்கம்மா. தம்பி, சாவியக் குடுங்க. வேற ஏதாச்சும் இருக்கா? பேட்டரி?

— ரெண்டு தடவை இறங்கிப்போச்சு அக்கா. காலைல ஸ்டார்ட் பண்ணா பேச்சு மூச்சே இல்ல.

— ம். அப்புறம்?

— அவ்வளவுதான்.

— மாப்ள... அந்த டிங் டிங்?

— அது வேணாம் அத்தை.

— என்ன டிங் டிங்? இருங்க, சாவியப் போட்டுப் பாக்கறேன். சத்தம் ஒண்ணையும் காணோமே. ஆனா... தம்பி, இது என்ன, உங்களுக்குப் பக்கத்து சீட்டுல ஆள் உக்காந்திருக்குன்னு விளக்கு எரியுது? ஆளே இல்லாத சீட்டுக்கு பெல்ட் வேற மாட்டி வச்சிருக்கீங்க?

— பெல்ட்ட எடுத்தா சத்தம் போடும் அக்கா. போட்டா சிவப்பு போயிப் பச்சையாகும், சத்தம் நின்னுடும். அதனாலதான். அதை விடுங்க, அது ஒண்ணும் தொந்தரவு இல்ல. நான் போயி குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வரேன். அத்தை, உங்களுக்கு வேற ஏதாச்சும் வேணுமா?

— எனக்கு ஒண்ணும் வேணாம் மாப்ள. பாத்து ரோட்டைத் தாண்டுங்க.

— என்னம்மா உங்க அண்ணன் பையன், சீட்டப் பத்திக் கேட்டதும் சட்டுன்னு முகம் மாறிடுச்சு?

— அண்ணன் பையன் இல்லம்மா. மாப்பிள்ளை. என் பொண்ணைக் கட்டினவர்.

— மாப்பிள்ளையா! பெத்த பையன்கூட இப்படி அம்மாவைக் கைபிடிச்சு இறக்கி விட மாட்டான். குடுத்து வச்சவங்க நீங்க. பொண்ணு வேலைக்குப் போயிருக்காங்களா?

— அவ இல்லம்மா. ரெண்டு வருஷமாகுது. காய்ச்சல்னு படுத்தா. மூளைக்கு ஏறிடுச்சுன்னாங்க. பக்கத்துல உக்காந்து பாத்துக்கக்கூட நேரம் குடுக்கல.

— அட ஆண்டவா. நான் ஒருத்தி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன்.

— நீ தெரிஞ்சா கேட்ட? இந்த வண்டி அவ ஆசைப்பட்டு வாங்கினது. இந்த நீலந்தான் வேணும்னு ஷோரூம் ஷோரூமா ஏறி இறங்கினா. வந்தப்புறம் அந்த முன் சீட்டை விட்டுக் குடுக்க மாட்டா, என்னைக்கூட பின்னாடிதான் தள்ளுவா. அவ போனதுக்கப்புறம் ஒரு மழை நாள்ல, வண்டி திடீர்னு டிங் டிங்னு அடிக்குது. பாத்தா, முன் சீட்டுல ஆள் உக்காந்திருக்கு, பெல்ட் போடலைன்னு காட்டுது. மாப்பிள்ளை வண்டிய ஓரமா நிறுத்தினாரு. அந்தப் பெல்ட்ட இழுத்து மாட்டினாரு. மறுபடி கிளப்பினாரு. அன்னிலேர்ந்து அதை யாரும் கழட்டல... ஏம்மா, நீ அழுதா வேலை எப்படி நடக்கும்?

— அழலம்மா, தூசி. விஷயம் என்னன்னா, நான் ஃபியூஸ் பாத்துட்டேன், எல்லாம் நல்லா இருக்கு. பின் சீட்டைத் தூக்கி டேங்க் மேல இருக்கற மிதவையையும் சோதிக்கிறேன். பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு அதுதான் மேல சொல்லி அனுப்பும். இந்த மீட்டரைப் பாருங்க, அளவு கரெக்டா வருது. மிதவை ஒழுங்காத்தான் சொல்லுது. வழில எங்கயோ யாரோ மாத்திச் சொல்லிக் குடுக்கறாங்க.

— மனுஷங்க மாதிரியேவா?

— அதேதான்! தம்பி வந்துட்டாரு. தம்பி, தண்ணிய அங்க வைங்க. பேட்டரியப் பாத்துட்டேன். புதுசு கணக்கா இருக்கு. நிறுத்தி வச்சா கரண்டும் எங்கயும் ஒழுகல. யாரோ சாவியப் போட்டு, இஞ்சின ஓட்டாம சும்மா விட்டு வச்சாத்தான் இப்படி இறங்கும்.

— எனக்கு அந்தப் பழக்கம் இல்லையே அக்கா. இறங்கினா சாவியோடதான் இறங்குவேன்.

— அப்ப பேய்தான் உக்காந்து பாட்டுக் கேக்குது... அய்யோ மன்னிச்சுக்கோங்க தம்பி, வாய் தவறிடுச்சு.

— பரவால்ல அக்கா.

— நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கறேன். முன் சீட்டுக் கால் வைக்கிற இடம்... இது என்ன, மிதியடி மேல கால் வச்சா சளக்குங்குது? அம்மா, இங்க வந்து பாருங்க, பிழிஞ்சா வாளி நிறையும்! அங்க முள்ளப் பாருங்க தம்பி, நான் இங்க அழுத்த அழுத்த அது குதிக்குது.

— ஆமா அக்கா! எகிறுது.

— சிக்கிடுச்சு. ஏ.சி. தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. தண்ணி உள்ளயே வடிஞ்சிருக்கு. கார்ப்பெட்டுக்கு அடில ஒரு போல்ட் இருக்கும், பல வயர் ஒண்ணாச் சேர்ந்து வண்டி உடம்போட இணையற இடம். எர்த்துன்னு சொல்லுவோம். பாருங்க, பச்சை பூத்துப் பொடியா உதிருது. முள்ளு, சிக்னல், எல்லாம் இந்த ஒரு போல்ட்ட நம்பித்தான் பிழைக்குது. சீட்டுக்கு அடில இருக்கற பிளக்கும் ஊறிப்போயிருக்கு. அதான் ஆள் இருக்குன்னு காட்டுது.

— அதை மட்டும் அப்படியே விட்டுட முடியாதா அக்கா?

— எதைத் தம்பி?

— சீட்டு விளக்கை.

— விடலாம் தம்பி. ஆனா நான் சொல்லாம விட்டா தப்பு. ஆள் இருக்கா இல்லையான்னு வண்டிக்குத் தெரியலைன்னா, நாளைக்கு நிஜமா ஒருத்தர் அங்க உக்காந்திருக்கறப்ப இடிச்சா, ஏர்பேக் ஒழுங்கா விரியும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. இருங்க, சீட்டுக்கு அடில இன்னும் ஏதோ கைல தட்டுது. அட, குடை. மஞ்சள் பூப்போட்ட குடை. பின் சீட்டுலேர்ந்து உருண்டு வந்திருக்கு. பாப்பாவோடதா?

— அது... இல்ல அக்கா.

— பெரியவங்க குடைம்மா அது. என்னோடதும் இல்ல.

— ஓ. சரி. எனக்கு ஒரு நல்ல போல்ட் வேணும், மூணு கடை தள்ளி இருக்கு. போயிட்டு வந்துடறேன். டென்ஷன விட்டு உக்காருங்க ரெண்டு பேரும்.

— அத்தை...

— தண்ணி குடிங்க மாப்ள முதல்ல. உதடெல்லாம் காஞ்சு கிடக்கு.

— நான் சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தை. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான்...

— குடை மருந்துக் கடைப் பொண்ணோடதுதானே?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வீட்டுல ஆறு வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு ரகசியம் காக்க முடியுமா? “அப்பா கார்ல ஒரு ஆன்ட்டி வந்தாங்க, எனக்கு இருமல் மிட்டாய் குடுத்தாங்க, ஆனா அது மிட்டாயே இல்ல, காரம்”னு எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டா.

— எங்க கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடை அத்தை. தினம் பாக்கறதுதான். மழை கொட்டின அன்னிக்கு பஸ் வரல, நான்தான் இறக்கி விடறேன்னு சொன்னேன். அப்புறமும் ரெண்டு மூணு தடவை வந்தாங்க. வேற ஒண்ணும் இல்ல அத்தை, சத்தியமா. பேசுவோம், அவ்வளவுதான். பேசறப்ப மனசுக்கு... கொஞ்சம் மூச்சு விடற மாதிரி இருக்கும்.

— நான் ஒண்ணும் கேக்கலையே மாப்ள. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— அந்த சீட்டுல அவங்க உக்காரல அத்தை. அதை நீங்க தெரிஞ்சுக்கணும். மொத நாள் அந்தக் கதவைத்தான் திறந்தாங்க. ஆள் இல்லாமலே பச்சை விளக்கு எரியுது, பெல்ட் மாட்டியிருக்கு. என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். கதவை மெதுவாச் சாத்திட்டு, நனைஞ்சுக்கிட்டே சுத்தி வந்து பின்னாடி குட்டி பக்கத்துல உக்காந்தாங்க. அதுக்கப்புறம் எத்தனை தடவை வந்தாலும் பின்னாடிதான்.

— மெதுவாவா சாத்திச்சு?

— தூங்கற குழந்தை இருக்கற ரூம் கதவைச் சாத்துவோமே, அந்த மாதிரி.

— ம்.

— ஏதாச்சும் சொல்லுங்க அத்தை. திட்டணும்னா திட்டிடுங்க.

— நான் உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது. பேட்டரி இறங்கினதுக்கு வயரைத் தேட வேணாம்னு மெக்கானிக் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. அது நான்தான்.

— நீங்களா?

— நீங்க சில நாள் கடைக்கு பஸ்ல போவீங்கல்ல. குட்டியும் ஸ்கூலுக்குப் போயிடுவா. வீடு ஹோன்னு இருக்கும். மாத்துச் சாவிய எடுத்துட்டுக் கீழ வருவேன். சாவியத் திருகினா அந்தப் பச்சை விளக்கு எரியும். நான் பின்னாடி என் இடத்துல உக்காந்துக்குவேன். அவ முன்னாடி இருப்பா. குட்டிக்குப் பல் ஆடறது, பக்கத்து வீட்டு நாய் செருப்பைத் தூக்கிட்டுப் போனது, ஒண்ணு விடாமச் சொல்லுவேன். சில நாள் அப்படியே கண்ணசந்துடுவேன். எழுந்து பாத்தா அந்த விளக்கே மங்கிக் கிடக்கும், சாவிய எடுத்துட்டு மேல போயிடுவேன்.

— அத்தை... நானும்தான்.

— என்ன நீங்களும்தான்?

— கடைல நடந்தது எல்லாம். வண்டி ஓட்டிக்கிட்டே சொல்லுவேன். பின் சீட்டுல யாரும் இல்லைன்னா மட்டும்.

— அப்ப அவளுக்கு ரெண்டு பக்கமும் சேதி வந்திருக்கு. காலைல நீங்க, மத்தியானம் நான். பாவம், காது வலிச்சிருக்கும்.

— சிரிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.

— சிரிங்க, சிரிங்க. ரொம்ப நாளாச்சு நீங்க சிரிச்சுப் பாத்து. கண்ணைத் துடைச்சுக்கோங்க, மெக்கானிக் பொண்ணு வருது.

— வந்துட்டேன் வந்துட்டேன்! போல்ட் கிடைச்சுது. இப்ப என்ன முடிவு தம்பி? சீட்டு பிளக்கைத் தொடவா, விடவா?

— அத்தைய...

— என்னைக் கேக்காதீங்க மாப்ள. நீங்க மாட்டின பெல்ட்டு.

— அத்தை, நீங்க சொன்னா நான் அப்படியே விட்டுடறேன்.

— குட்டிக்கு இப்ப ஆறு. கண்ண மூடித் திறந்தா வளந்துடுவா. அவங்க அம்மா மாதிரி முன் சீட்டுக்குச் சண்டை போடுவா. அப்ப இந்த வண்டி அவளைப் பாக்கணும்ல?

— ...எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க அக்கா.

— நிஜமாவா தம்பி?

— நிஜமாத்தான். பெல்ட்ட மட்டும் நான் கழட்டறேன். ஒரு நிமிஷம் குடுங்க.

— எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நான் அதுக்குள்ள ஏ.சி. குழாயக் குத்தி விடறேன். அம்மா, நீங்க அந்த டார்ச்ச இப்படிப் பிடிங்க. இன்னும் கீழ. ஆங். இதான் அந்த போல்ட்டு. உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்னா தகரம் பளிச்சுனு வரும்... வந்துச்சா? இனி புது போல்ட்டு, நல்லா முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ். பிளக்கை ஊதிக் காய வச்சாச்சு. தம்பி, கழட்டிட்டீங்களா?

— கழட்டிட்டேன் அக்கா. போடறேன் சாவிய.

— முள்ளு?

— முக்கால்ல நிக்குது. வர்ற வழிலதான் முக்கால் டேங்க் வர்ற அளவுக்குப் போட்டேன். சிக்னல் போட்டுப் பாக்கறேன். ஆடல அக்கா!

— ஆடாது. விளக்கு?

— மாப்ள?

— இல்ல அத்தை. எரியல.

— ம்.

— அம்மா, எனக்கு ஒரு உதவி. ஆள் உக்காந்தா எரியுதான்னு பாக்கணும். நான் உக்காந்தா சீட்டெல்லாம் கிரீஸ் ஆயிடும். நீங்க கொஞ்சம் முன்னாடி உக்காருங்களேன்.

— நானா? நான் பின்னாடி உக்காந்தே பழகினவம்மா.

— உக்காருங்க அத்தை. கையக் குடுங்க, தரை ஈரமா இருக்கு.

— பதமா விடுங்க மாப்ள. அட, இங்கேர்ந்து பாத்தா ரோடே வேற மாதிரி இருக்கே! அவ ஏன் சண்டை போட்டான்னு இப்பதான் தெரியுது. அய்யோ, இது என்னைப் பாத்துக் கத்துது!

— கத்தட்டும்மா, அதான் வேணும்! பெல்ட்ட இழுத்து மாட்டுங்க. நின்னுடுச்சா? இப்ப நிஜ ஆளுக்கு எரியுது. முடிஞ்சுது வேலை. கார்ப்பெட்ட மட்டும் வெயில்ல காய வைங்க தம்பி, ஊறின வாடை போகாது இல்லேன்னா. பாப்பாகிட்ட சொல்லுங்க, வண்டி இனி ஏமாத்தாது, கரண்ட் அக்கா அதைக் கண்டிச்சு விட்டுட்டாங்கன்னு.

— சொல்றேன் அக்கா. ரொம்ப நன்றி. அத்தை, கிளம்பலாமா? நீங்க பின்னாடி வரணும்னா...

— ஏறி உக்காந்தாச்சு. திரும்ப இறங்க எனக்குத் தெம்பில்ல. ஓட்டுங்க. வரேம்மா!

— அத்தை, ஒண்ணு கேக்கவா?

— ரோட்டைப் பாத்துக்கிட்டே கேளுங்க.

— போன வாரம் உங்க ரூம்ல பெட்டி கட்டி வச்சிருந்ததப் பாத்தேன். மச்சான் வீட்டுக்குப் போறீங்கன்னு குட்டி சொன்னா. நீங்களா சொல்லுவீங்கன்னு நானும் கேக்கல. அவங்கள நான் கார்ல ஏத்தினதாலதானே?

— ஆமா மாப்ள. பொய் சொல்லுவானேன். வேற ஒருத்தி வந்து நிக்கப்போற வீட்டுல, முன்ன இருந்தவளோட அம்மா எந்த மூலைல உக்காரறது? நீங்களா போகச் சொல்லமாட்டீங்க. சங்கடத்துல நெளிவீங்க. அதுக்கு முன்னாடி நானே கிளம்பிடணும்னு நினைச்சேன்.

— போகாதீங்க அத்தை. அவங்கள இனி பாக்கலைன்னுகூட சொல்லிடறேன். குட்டிக்கு நீங்க வேணும். எனக்கு அம்மா அப்பா எல்லாம் போயி எவ்வளவு காலமாச்சு. நீங்களும் இல்லாத அந்த வீட்டுக்குள்ள என்னால சாவி போட்டு நுழைய முடியாது.

— அழாதீங்க. கண்ணு மறைக்கும். ஓரமா நிறுத்துங்க முதல்ல.

— நிறுத்திட்டேன்.

— பெட்டிய நேத்து சாயங்காலமே பிரிச்சுட்டேன். துணியெல்லாம் மடிச்சு அலமாரில வச்சாச்சு. நீங்க எட்டிக்கூடப் பாக்கல.

— நேத்தா? ஏன் அத்தை, நேத்து என்ன நடந்துச்சு?

— நேத்து மத்தியானம், நீங்க கடைல இல்லாத நேரமா பாத்து, அந்த மருந்துக் கடைக்குப் போனேன்.

— அய்யோ அத்தை! அவங்ககிட்ட பேசினீங்களா? என்ன சொன்னீங்க?

— எதுக்கு இப்படிப் பதறறீங்க? ஸ்டூல் போட்டு உக்கார வச்சுது. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டேன். அப்பாவும் தங்கச்சியும் இருக்காங்க, சின்ன வயசுலேர்ந்தே அம்மா இல்லைன்னு சொல்லுச்சு. நான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன்.